மாசி வீதியா, செட்டிநாடா, வைகைக் கரையா? பழைய வீடு வாங்கும் முன் நாங்கள் எடைபோட்டவை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கடை வாசலில் சாய்த்து வைத்திருந்த பழைய வாசல் நிலை ஒன்றின் முன்னால் நானும் என் கணவரும் நின்றோம். தேக்கு நிலை. மேலே கஜலட்சுமி, இரு பக்கமும் கிளியும் கொடியும். நாகமலை புதுக்கோட்டையில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டுவதாகத் திட்டம். அதற்கு ஒரு நிலையும் நான்கு தூண்களும் பார்க்கத்தான் போயிருந்தோம். விலை படிந்துவிட்டது. பணத்தை எண்ணும் நேரத்தில் குனிந்து பார்த்தேன். நிலையின் அடியில் மஞ்சள் பூசி வைத்த குங்குமப் பொட்டு அழியாமல் இருந்தது. யாரோ ஒரு பெண் வெள்ளிக்கிழமைதோறும் வைத்த பொட்டு. அந்த வாசல் எந்த ஊரில், எந்தத் தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது என்று கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை. வாங்காமல் திரும்பிவிட்டோம்.

அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் வீடு பார்த்தோம். 23 வீடுகள். மதுரைக்குள்ளேயே மாசி வீதிகளை ஒட்டி ஒரு பழைய வீடு வாங்கலாம். செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டை, அல்லது அதில் ஒரு பங்கை வாங்கலாம். வைகைக் கரையில், சோழவந்தான் பக்கத்து ஊர்களில் ஒரு திண்ணை வீட்டைப் பிடிக்கலாம். எதுவும் அமையாவிட்டால் முதலில் நினைத்தபடி பழைய தூணையும் கதவையும் வாங்கிப் புது வீட்டில் பதித்துக்கொள்ளலாம். இந்த நான்கு வழிகளைப் பற்றியும் இப்போது பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். பணி ஓய்வு நெருங்கியவர்கள் சிலர். வெளியூரில் சம்பாதித்து ஊர் திரும்ப நினைக்கும் பிள்ளைகள் சிலர். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நான்காவது வழியை முதலில் முடித்துவிடலாம். வீடு எப்படியும் இடியப்போகிறது, மரமாவது பிழைக்கட்டும் என்று அதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். கூரை விழுந்து, சுவர் சரிந்து, வாரிசுகள் எல்லோரும் கைவிட்ட வீட்டுக்கு அது பொருந்தும். ஆனால் தூணுக்கும் கதவுக்கும் கிராக்கி கூடும்போது, நன்றாக நிற்கிற வீட்டைப் பற்றியும் 'பிரித்து விற்றால் எவ்வளவு தேறும்' என்ற கணக்கு தொடங்கிவிடுகிறது. மதுரைக்காரர்களுக்கு இதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 1636-ல் திருமலை நாயக்கர் கட்டிய மகாலில் இன்று நிற்பது ஒரு பகுதிதான். அவருடைய பேரன் சொக்கநாதர் திருச்சியில் அரண்மனை கட்டுவதற்காக இங்கிருந்து பாகங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார். மிச்சம் இருந்ததும் சிதைந்து கிடந்து, நேப்பியர் பிரபு சென்னை மாகாண ஆளுநராக இருந்த காலத்தில்தான் பழுதுபார்க்கப்பட்டது. மகாலின் எல்லை எதுவரை இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் விளக்குத்தூண் அருகே பத்துத்தூண் சந்துக்குப் போங்கள். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பத்துத் தூண்கள், தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கின்றன.

கைவேலைக் கணக்கிலும் அது லாபமில்லை. பழைய நிலை ஒன்றரை அடிச் சுவருக்காகச் செய்தது. ஒன்பது அங்குலச் சுவரில் துருத்திக்கொண்டு நிற்கும். தூணின் உயரம் தளத்துக்குப் பொருந்தாவிட்டால் அடியை அறுப்பார்கள். அறுத்து நிறுத்திய தூண் எந்தப் பாரத்தையும் ஏற்காது, கான்கிரீட்டுக்குக் கீழே சும்மா நிற்கும். அந்தச் செலவுக்கு ஊர்த் தச்சரிடம் புதிதாக ஒரு நல்ல கதவு செய்யக் கொடுங்கள். அவருக்கும் வேலை இருக்கும்.

மதுரைக்குள்

நான் பிறந்து வளர்ந்தது தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில். ஆகவே மனம் முதலில் அங்கேதான் போனது. கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக விரியும் வீதிகள். அவற்றுக்கு வெளியே, கலெக்டர் பிளாக்பர்ன் 1840-களில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது பிறந்தவை வெளி வீதிகள். அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்களைத் தெருக்கள் இன்றும் சுமக்கின்றன. இந்தச் சதுரங்களுக்குள் இருக்கும் பழைய வீடுகள் வாசலில் குறுகி உள்ளே நீண்டவை. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். நடுவில் ஒரு சிறு முற்றம், மாடிக்கு ஒற்றை ஆள் ஏறும் மரப்படி. மாசி வீதியில் வீடு இருந்தால் சித்திரைத் தேர் உங்கள் வாசல் வழியாகப் போகும். இதற்கு ஈடாக எந்தப் புறநகரும் எதையும் தர முடியாது.

ஆனால் அங்கே நீங்கள் விலை கொடுப்பது மனைக்கு. வீட்டை ஒரு பொருட்டாகவே கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 'பழைய கட்டடத்துடன் கூடிய மனை' என்றுதான் தரகர் பேச்சைத் தொடங்குவார். கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்ற விதி 1997 முதல் இருக்கிறது. கோபுரத்தை மறைக்காமலிருக்க வந்த விதி அது; பழைய வீடுகளுக்கும் ஓரளவு துணையாக இருந்திருக்க வேண்டும். அடுக்குமாடி எழுப்ப முடியாத இடத்தில் இடிப்பதால் என்ன லாபம் என்று தோன்றும். ஆனால் தரைத்தளத்தில் நான்கு கடைகள் கட்டினாலே வரும் வாடகை, ஒரு குடும்பம் திண்ணையில் உட்கார்ந்து காற்று வாங்குவதை விடப் பல மடங்கு. வாங்கியவருக்கு ஒவ்வொரு வருடமும் அந்தக் கணக்கு காதில் விழுந்துகொண்டே இருக்கும். நாம் உறுதியாக இருந்தாலும் நம் பிள்ளைகள் இருப்பார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னும் மூன்று சங்கடங்கள் உண்டு. ஒன்று, பொதுச்சுவர். பக்கத்து வீட்டுக்காரர் இடித்தால், ஐம்பது அறுபது வருடம் மழை படாமல் இருந்த நம் சுவர் ஒரே நாளில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். இரண்டு, தெரு மட்டம். சாலைமேல் சாலை போட்டு, படியேறிப் போக வேண்டிய வீடுகளுக்குள் இப்போது படியிறங்கிப் போகிறோம். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் திண்ணை தெருவோடு தெருவாகக் கிடந்தது. மூன்றாவது அடிமனை. கட்டடம் ஒருவருக்கும் அதன் கீழே உள்ள மண் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும் ஏற்பாடு பழைய ஊர்களில் சாதாரணம். மனை வாடகை கட்டிக்கொண்டு தலைமுறையாகக் குடியிருப்பார்கள். சொந்த வீடு என்றே சொல்வார்கள், பொய்யில்லாமல் அப்படியே நம்பவும் செய்வார்கள். 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி கோயில் நிலத்தை உரிய அனுமதியின்றி விற்றால் அது செல்லாது. நாங்கள் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் அடிமனை கோயிலுடையது என்று தெரிந்தது. பணம் திரும்பி வர ஐந்து மாதம் ஆனது. விற்க வந்த பெரியவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கே அன்றைக்குத்தான் முழு விவரம் தெரிந்தது என்பதை அவர் முகத்தில் பார்த்தேன்.

நகருக்குள் பழைய வீட்டை யார் வாங்கலாம்? தொழில் அங்கேயே இருப்பவர்கள். நகைப் பட்டறை, ஜவுளி, பாத்திரம், புத்தகம் என்று முன்கட்டில் தொழிலையும் பின்கட்டில் குடும்பத்தையும் வைத்துக்கொள்ளக் கூடியவர்களுக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. காந்தி 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி அரையாடைக்கு மாறிய மேல மாசி வீதி வீடு இன்றும் நிற்கிறது. கீழே கதர்க் கடை நடக்கிறது. கடை திறக்க ஆள் வருகிறார், பெருக்குகிறார், ஒழுகினால் பார்க்கிறார். நினைவிடம் என்று பூட்டி வைத்திருந்தால் அந்த மாடி இத்தனை காலம் இப்படி இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

எங்களுக்கு அங்கே தொழில் இல்லை. மனமில்லாமல் விலகினோம்.

செட்டிநாடு

மதுரையிலிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, கோட்டையூர், தேவகோட்டை என்று எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் நகரத்தார் கட்டிய வீடுகள். பர்மா, இலங்கை, மலேயாவில் தொழில் செய்து ஈட்டிய பணம் தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் இங்கே வந்து இறங்கியது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரத்து அறுந்தது. சொந்தக்காரர்கள் சென்னைக்கும் கடல்கடந்தும் போனார்கள். 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களின் பெயர் ஏறியது. பட்டியலில் பெயர் ஏறினால் ஓடு மாற்ற ஆள் வந்துவிடுவதில்லை.

அந்த வீடுகளுக்குள் நடக்கும்போது எனக்குப் பேச்சு வராது. முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழைந்தால் நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்றாக. அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி, அடுத்த தெருவில் முடியும் பின்வாசல். சுவரில் முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு. தொட்டால் மே மாதத்திலும் குளிர்கிறது. கூரையில் விழும் மழை நீர் முற்றத்தில் இறங்கி, வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகிறது. ஒரு வீட்டின் கூரையே ஊர்க் குளத்துக்கு நீர் கொண்டுவரும் பரப்பாக இருந்திருக்கிறது என்பதை நேரில் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். வீடு கட்டியவர்கள் ஊரையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

விலை? கட்டடத்தின் பரப்போடு ஒப்பிட்டால் மதுரை மாசி வீதியை விட மிக மிகக் குறைவு. ஆசைப்பட வைப்பதும் அதுதான். இருந்தும் இரண்டு காரணங்களுக்காக அதை விட்டோம்.

முதலாவது, விற்கும் உரிமை. ஒரு வீட்டில் எத்தனை புள்ளிகள் என்று கேளுங்கள். புள்ளி என்றால் கல்யாணமாகித் தனிக் கணக்காகிவிட்ட குடும்பம். மூன்று தலைமுறையில் ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது கையெழுத்து தேவைப்படுவதுண்டு. ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், ஒருவர் அமெரிக்காவில் இருப்பார், ஒருவர் விற்கவே கூடாது என்று சொல்வார். கூடாது என்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்னோரை வணங்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பங்காளிகள் கூடும் இடம் அது. வருடத்தில் மூன்று நாள் விளக்கெரிந்தாலும் அவர்களுக்கு அது உயிருள்ள வீடுதான். ஒரு பங்கை மட்டும் வாங்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். வேண்டாம். பங்காளியாகப் பிறக்காத ஒருவர் பங்காளி வீட்டில் பங்கு வாங்கினால் ஓர் ஓட்டை மாற்றவும் சம்மதம் கேட்டு நிற்க வேண்டும்.

இரண்டாவது, அளவு. முப்பது நாற்பது பேர் வாழக் கட்டிய வீட்டில் இரண்டு பேர் வாழ முடியாது. காவல் காக்கத்தான் முடியும். பெருக்கவே இரண்டு ஆள் வேண்டும். ஒரு மூலையில் ஒழுகினால் அது உங்கள் கண்ணில் படவே ஒரு மாதம் ஆகும்; அதற்குள் கூரையைத் தாங்கும் கைமரத்தில் கரையான் ஏறியிருக்கும். கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் சில வீடுகள் ஓட்டல்களாக மாறியிருக்கின்றன. அதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் பேச மாட்டேன். அறைக்கு வாடகை வந்தால் கூரைக்கு ஆள் வருவார். பள்ளியோ நிறுவனமோ பத்துப் பேர் சேர்ந்த நண்பர் குழுவோ நிலையான வருமானத்தோடு வந்தால் செட்டிநாட்டு வீட்டை வாங்கட்டும்; தனிக் குடும்பம் சேமிப்பை எடுத்துக்கொண்டு போனால் வீடும் தப்பாது, சேமிப்பும் தப்பாது.

வைகைக் கரை

சோழவந்தான் மதுரையிலிருந்து இருபதைச் சற்றுத் தாண்டிய கிலோமீட்டரில் இருக்கிறது. பஸ் உண்டு, திண்டுக்கல் பாதையில் ரயில் நிலையமும் உண்டு. வைகைப் பாசனம், தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். எதிர்க்கரையில் தென்கரை, பக்கத்தில் திருவேடகம், மேற்கே குருவித்துறை. இந்த ஊர்களின் பழைய தெருக்களில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை என்று நேர்கோட்டில் போகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வழியாகத் தென்னை தெரியும். அலங்காரம் அதிகமில்லை. நிலையில் ஒரு தாமரை, தூணுக்கு மேல் ஒரு போதிகை, அவ்வளவுதான். கூரைக்குப் பனைமரச் சட்டமான பனங்கை, நாட்டு ஓடு, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர்.

யாரும் படம் எடுக்க வராத வீடுகள் இவை. எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாதவை. அதனாலேயே வேகமாக மறைகின்றன என்பது என் வருத்தம். மகாலைத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது, கோயிலை அறநிலையத் துறை பார்த்துக்கொள்கிறது. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோ கணக்குப்பிள்ளையோ எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்ல இந்த வீடுகளை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. இந்தப் பழைய தெருக்களில் பல பிராமணர் குடியிருந்த அக்கிரகாரங்கள். அந்தச் சொல்லுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்ற பழைய வழக்கமும் அடங்கியிருக்கிறது. எங்கள் குடும்பம் அந்தக் காலத்தில் அந்தத் தெரு வழியாக நடந்திருக்கக்கூட முடியாது. இன்று நாங்கள் வீடு பார்த்த தெருவில் பல சமூகத்தவர் வாங்கிக் குடியிருக்கிறார்கள். சுவரையும் முற்றத்தையும் காப்பாற்ற நான் விரும்புகிறேன். அந்த விலக்கைக் காப்பாற்ற எனக்கு விருப்பமில்லை. எங்கள் திண்ணையில் யாரும் உட்காரலாம், உட்காருகிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நல்ல மருத்துவமனைக்கு மதுரைக்குத்தான் வர வேண்டும். வீடு குறுகலானது, கழிப்பறை கொல்லையின் கடைசியில் இருக்கும். வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். திரும்ப விற்கும்போது போட்ட பணம் வராமல் போகலாம். இவை எல்லாம் தெரிந்த பிறகும், சம்பளமும் ஓய்வூதியமும் மட்டும் உள்ள ஒரு குடும்பம் தன் கையால் பிடித்து நிறுத்தக்கூடிய வீடு இந்த நான்கு வழிகளில் இது ஒன்றுதான் என்று எங்களுக்குத் தோன்றியது.

எங்கே வாங்கினாலும்: கூரை, சுவர்

வீட்டை மழையில் போய்ப் பாருங்கள். கோடையில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசியில், இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு, டார்ச் விளக்கோடு போங்கள். கூடத்துத் தூணைப் பார்த்து மயங்காமல், உத்தரமும் கைமரமும் சுவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். ஓதம், அதாவது ஈரம், சுவரில் இருந்து மரத்துக்கு ஏறுவது அங்கேதான். நடுவில் கல் போல இருக்கும் உத்தரம் நுனியில் உளுத்துப் போயிருக்கும். ஓர் ஆணியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பனங்கை என்றால் வைரம் பாய்ந்ததா என்று தட்டிப் பாருங்கள். கருத்து முற்றிய பனை தலைமுறைகளைத் தாங்கும், இளம்பனை மாவாகிவிடும்.

மாடி உள்ள வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும். தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில், சாய்வாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதற்கு மேல் தட்டோடு பதித்த கூரை. அது ஒழுகும்போது ஒவ்வொரு தலைமுறையும் மேலே இன்னொரு சிமென்ட் பூச்சு போட்டிருக்கும். பாரம் கூடும், உள்ளே இறங்கிய நீர் வெளியே வர வழி இல்லாமல் சட்டத்தை அழுகவைக்கும். மேல்பூச்சை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பிலேயே சரிசெய்வதுதான் முறை. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே வெட்டிவிட்டு வராதீர்கள். வேர் சாந்துக்குள் ஓடியிருக்கும். அந்தப் பகுதியைப் பிரித்து வேரை எடுத்து மறுபடி கட்ட வேண்டும்.

நான் அதிகம் சண்டை போட்டது சிமென்டோடுதான். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை மெல்ல வெளியே விட்டு உலரும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். இரண்டு மூன்று மழைக்குப் பிறகு உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து, பின்னாலிருக்கும் செங்கல்லையும் சேர்த்து உதிர்த்துக்கொண்டு விழும். 'பழைய சுவர், அதனால்தான் உதிர்கிறது' என்பார்கள். சுவருக்குப் பகை அதன் மேல் பூசிய புதுப் பூச்சு.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். அதை வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு வெண்ணெய் பதம். மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, நாள்தோறும் நனைக்க வேண்டும். காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துச் சுண்ணாம்பு மறுபடி கல்லாக மாறுவது மெதுவாகத்தான் நடக்கும். எங்களுக்கு வேலை செய்த மேஸ்திரி எழுபது வயதைத் தாண்டியவர். முதல் நாள் நான் சிமென்ட் மூட்டை எதுவும் இறக்கவில்லை என்று பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த வேலையை நான் பார்த்து முப்பது வருடம் ஆகிறது, கை மறந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது" என்றார். மறக்கவில்லை. இரண்டாம் நாள் தன் பேரனை அழைத்துவந்து கரண்டியைக் கொடுத்தார்.

மின்கம்பிக்காகச் சுவரைக் கொத்தாதீர்கள். குழாயை மேலோடு ஓட்டுங்கள், கண்ணுக்குப் பழகிவிடும். குளியலறை, கழிப்பறையைப் பழைய சுவரில் ஒட்டாமல் ஒரு கை இடைவெளி விட்டுத் தனியாகக் கட்டுங்கள். அங்கே சிமென்ட் இருக்கட்டும்.

பத்திரம்

தாய்ப்பத்திரத்தைக் கேளுங்கள், நகலைக் காட்டினால் அசலைக் கேளுங்கள். வில்லங்கச் சான்று கணினியில் ஒரு குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையெழுத்துப் பதிவுகளைத் தேடச் சொல்ல வேண்டும். பழைய வீட்டுக்கு அந்தத் தேடல் கட்டாயம். மகள்களின் கையெழுத்தை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1989 திருத்தமும் நாடு முழுதும் 2005 திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான உரிமை தந்திருக்கின்றன; 'அவளுக்குச் சீர் செய்து அனுப்பிவிட்டோம்' என்ற பேச்சு பத்திரத்தில் நிற்காது. அருகில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் இருந்தால், 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை, அடுத்த 200 மீட்டருக்குள் கட்டுப்பாடு. பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். கீழக்குயில்குடி சமணர் மலை போன்ற இடங்களைச் சுற்றி வாங்குவோர் இதை முதலில் அளந்து பார்க்கட்டும். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனியாகக் கையில் இருக்க வேண்டும். வங்கிக் கடனை நம்பித் தேதி குறிக்காதீர்கள். கட்டடத்தின் மிச்ச ஆயுளுக்குப் பொறியாளர் சான்று கேட்பார்கள். சுண்ணாம்புச் சுவருக்கு அதை எழுதித் தர எளிதில் யாரும் முன்வர மாட்டார்கள். வீட்டு விலையில் குறைந்தது பாதியாவது பழுதுபார்க்க ஒதுக்கிய பிறகு விலை பேசப் போவது நல்லது என்பது என் அனுபவம்.

முடிவு

நாகமலை மனையை விற்றோம். சோழவந்தானுக்கு எதிர்க்கரையில் தெருவின் கடைசி வீட்டுக்கு முந்தைய வீட்டை வாங்கினோம். விற்றவர்கள் இரண்டு சகோதரர்களும் ஒரு சகோதரியும். மூவரும் ஒரே நாளில் வந்து கையெழுத்திட்டார்கள். அந்த அம்மா போகும்போது அடுக்களைச் சுவரில் தன் பிள்ளைகளின் உயரத்தைக் கரியால் குறித்து வைத்திருந்த இடத்தைக் காட்டினார். அந்த ஓரடி அகலத்தில் மட்டும் பூச்சு வேலை செய்யவில்லை.

கூரையின் மேற்குப் பாதியைப் பிரித்து மேய்ந்தோம். பழைய அளவில் நாட்டு ஓடு சூளையில் கிடைக்கவில்லை. பக்கத்து ஊரில் கூரை விழுந்து பல வருடமாகக் கிடந்த ஒரு வீட்டின் ஓடுகளை விலைக்கு எடுத்தோம். பாகம் வாங்கக்கூடாது என்று மேலே எழுதியவளே செய்ததுதான் இது. ஓடு மறுபடி ஓடாகவே, மழையைத் தாங்கும் வேலைக்கே வந்திருப்பதால் என்னால் இதை ஏற்க முடிகிறது. 300 ஓடுகள் மிச்சமாயின. கொல்லையில் தென்னைக்கு அருகே அடுக்கி வைத்தோம்.

போன ஐப்பசியில் ஓர் இரவு முழுவதும் மழை. விடியற்காலையில் தாழ்வாரத்தில் சொட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். என் கணவர் அதற்குள் பாத்திரம் வைத்திருந்தார். மேஸ்திரியின் பேரனுக்குச் சொல்லி அனுப்பினோம். மழை விட்டதும், பத்து மணிக்குள், ஏணியோடு வந்தான். அன்றைக்கு 11 ஓடுகள் மாற்றினான். கொல்லையில் இப்போது 289 இருக்கின்றன.